பாதிப் பாட்டுக்குப் பஞ்சாயத்து

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா, ஆடிச் செவ்வாயில் வரும். வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு ஆற்றுப் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிற ஊர். திங்கள் ராத்திரி குடியழைப்பு, செவ்வாய் மதியக்கொடை, அப்புறம் சாமக்கொடை. புதன்கிழமை காலையில் தூக்கம் கெட்ட கண்ணோடு ஆளாளுக்குப் பஸ் ஏறிவிடுவோம். போன கொடைக்கு, மதியப் படைப்பு முடிந்ததிலிருந்து இருட்டும் வரை கிடைத்த நேரத்தை ஒரே விஷயத்துக்குச் செலவழித்தோம். தொண்ணூறுகளில் வந்த பாட்டுகளில் படுமோசமானது எது?

ஆரம்பித்து வைத்தது மாமா. மாமா மைக்செட்காரர். எண்பதுகளில் ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய், ஒரு ரெக்கார்டு பிளேயரோடு தொழிலுக்கு வந்தவர். இப்போது ஆளுயரப் பெட்டிகள் வைத்திருக்கிறார், பெட்டிகளைத் தூக்க இரண்டு பையன்களும் உண்டு. அதில் ஒருவன் பந்தலில் ‘முக்காலா முக்காபுலா’வைப் போட்டுவிட்டான். திண்ணையில் சாய்ந்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்தார்.

“ஏல, அந்தச் சவத்த நிறுத்துல. தகரத்த உருட்டுன மாரி இருக்கு.”

பையனுக்கு இருபது வயசு இருக்கும். அந்தப் பாட்டு ‘காதலன்’ படத்தோடு 1994இல் வந்தபோது அவன் பிறந்திருக்கவே இல்லை. “நல்லாத்தான மாமா இருக்கு?” என்றான்.

“இந்தப் பெட்டியில நல்லாத்தாம்ல இருக்கும். குழாயில கேட்டிருக்கியா நீ?”

அவ்வளவுதான், பஞ்சாயத்து கூடிவிட்டது. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சபை கூடிய காலத்தில் கம்பன் பாட்டில் ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு பொழுது போவது தெரியாமல் பேசுவார்களாம். அந்த மாவட்டத்துப் பிள்ளைகள்தான் நாங்களும். என்ன, எங்களுக்குக் கிடைத்தது முக்காலா.

மாமா சொன்ன குழாய் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேப்பமரத்து உச்சியில் கட்டுகிற கூம்புக் குழாய் பாட்டுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. பேச்சு தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. குழாய் எவ்வளவு நீளமோ, வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குத்தான் கீழ்ச்சத்தம் வெளியே வரும். அந்த அளவுக் குழாயில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் பெரும்பாலும் காணாமல் போய்விடும். பாஸ் கிட்டாரின் தடிமனான கம்பி அதிர்வது 41 ஹெர்ட்ஸில். பெரிய டிரம்மின் அடியும் அந்தப் பக்கம்தான். இதையெல்லாம் வடிகட்டிவிட்டு மிச்சத்தைத்தான் குழாய் ஊருக்கு அனுப்பும். சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’யில் வடிகட்டி எடுக்க ஒன்றும் இல்லை, குரல் முழுசாக வரும். எல்.ஆர். ஈஸ்வரி ‘செல்லாத்தா’ பாடினால் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும். ரகுமான் பாட்டு அப்படியில்லை. அடியில் ஓடுகிற பாஸ் மேல்தான் அதன் கட்டடமே நிற்கிறது. அஸ்திவாரத்தை உருவிவிட்டால் மேலே இருக்கிற ஜால்ராச் சத்தமும், இடையிடையே மனோவும் ஸ்வர்ணலதாவும் கூப்பிடுவதும் மட்டும் மிஞ்சும். அதைத்தான் மாமா தொண்ணூறுகள் முழுக்கக் கேட்டார். கல்யாண வீட்டில் அதைப் போடச் சொல்லி வாலிபப் பயல்கள் மல்லுக்கு நிற்பார்கள். போட்டால் பெரியவர்கள் வந்து, “செட்டு ரிப்பேரா வே?” என்று கேட்பார்கள். தொழில் பெயர் கெட்டது. அவர் கோபத்தில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

நான் அதே பாட்டை பாளையங்கோட்டையில், விடுதி அறையில், வாக்மேனில் கேட்டவன். இரண்டு காதுக்கும் நடுவில் ஒரு ரயில் ஓடியது. ஆகவே அன்று திண்ணையில் மாமாவோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். பாதி தூரம் போன பிறகுதான், நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாட்டைப் பற்றிப் பேசவில்லை என்பது உறைத்தது.

பிறகு சித்தப்பா வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். வந்ததும் எல்லைக்கல் நட்டார். தொண்ணூறு என்றால் 1990 முதல் 1999 வரை, அதற்கு இந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. இதனால் ‘மாங்குயிலே பூங்குயிலே’ ஆட்டத்திலிருந்து விலகியது. ‘கரகாட்டக்காரன்’ 1989. மாமா எதிர்த்தார். படம் பட்டணத்துக்கு எண்பத்தொன்பதில் வந்திருக்கலாம், நம்ம பக்கத்து டாக்கீஸுக்கு வந்தது தொண்ணூறில்தான், அதற்கப்புறம் மூன்று வருஷம் அந்தப் பாட்டைப் போடாமல் எந்த வீட்டிலும் தாலி ஏறவில்லை, போட்டவன் நான்தானே என்றார். அவருக்கு அந்தப் பாட்டு மேல் வெறுப்பு இல்லை. களைப்பு. சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மறுமுனையில் ‘மன்மத ராசா’வும் போனது. அது 2003. அதைப் பறிகொடுத்ததில்தான் எல்லாருக்கும் வருத்தம். அது மட்டும் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து போயிருப்போம்.

சித்தப்பாவின் கட்சி வேறு. சத்தம் பற்றி அவருக்குக் கவலை இல்லை, சொல்தான் கணக்கு. தாளம் துள்ளுவதால் ஒரு பாட்டு கெட்டுவிடாது என்பதற்கு அவர் வைத்திருக்கும் சாட்சி சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், ஊற்றுமலை ஜமீனில் இருந்தவர். அவருடைய காவடிச்சிந்து மலை ஏறுகிறவன் காலுக்கென்றே கட்டின மெட்டு. “அத விடவா ஒன் பிரபுதேவா ஆடிட்டான்?” என்று கேட்டார். அர்த்தமில்லாத சத்தத்தைப் பல்லவியாக வைப்பதுதான் குற்றமாம். முக்காலாவுக்கு என்ன பொருள்? ‘சிக்கு புக்கு’ என்று ரயில் எந்த ஊரில் போகிறது? நம்ம செங்கோட்டை பாசஞ்சர் அப்படியா போகிறது?

நான் வில்லுப்பாட்டை எடுத்தேன். “தந்தனத்தோம் என்று சொல்லி” என்றுதானே வில்லையே தொடுகிறார்கள்? ஏலேலோவுக்கு என்ன பொருள்? தாலாட்டின் ஆராரோவுக்கு?

சித்தப்பா இதற்கு வைத்த பதில் எனக்குப் பிடித்தது. தந்தனத்தோம் ஒரு வாசல்படி, அதைத் தாண்டி உள்ளே போனால் முத்தாரம்மன் கதையோ சுடலைமாடன் கதையோ இருக்கும். இவன்கள் வாசல்படியை மட்டும் கட்டிவிட்டு வீடு கட்டாமல் விட்டுவிட்டான்கள் என்றார். முக்காலாவை எழுதியவர் வாலி, ஒன்றும் தெரியாதவர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். “வாலிக்குத் தெரியும்ல. தெரிஞ்சே செஞ்சா அது பெரிய குத்தம்” என்றார்.

அவருடைய இறுதி வேட்பாளர் ‘குலுவாலிலே’. ‘முத்து’, 1995. அதில் உதித் நாராயண் தமிழை நடத்துகிற விதம் வாத்தியாரின் நெஞ்சில் முப்பது வருஷமாக ஆறாத புண். ஆத்திரத்தில், “என்ன எளவு உச்சரிப்பு அது!” என்றார். திண்ணையில் ஒரு நொடி அமைதி. பிறகு மாமா நிதானமாக, “இழவுன்னு சொல்லணும் மச்சான்” என்றார். எங்கள் பக்கம் ழகரம் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற வெள்ளிக்கும்பா மாதிரி. மற்ற நாளில் வாளப்பளம், மள, கெளங்கு. நேபாளி வம்சத்துக்காரரைத் தமிழ் தெரியவில்லை என்று திட்டுகிற யோக்கியதை தாமிரபரணிக் கரையில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். சித்தப்பா முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவில்லை.

பேட்டை ராப் பற்றி ஒரு சின்ன விஷயம். அதுவும் ‘காதலன்’தான். திருநெல்வேலி டவுனை ஒட்டி மேற்கே பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. கேசட் அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நம்ம பேட்டையைத்தான் பாடியிருக்கிறார்கள் என்று வகுப்பில் பாதிப்பேர் நம்பினோம். பேட்டைக்கார நண்பன் ஒருவன் இரண்டு வாரம் தரையில் கால் படாமல் நடந்தான். மெட்ராஸ் பேட்டை என்று தெரிந்தபோது அவன் முகம் போன போக்கு! சினிமாவில் எங்கள் ஊருக்குக் கிடைப்பது எப்போதும் அல்வாதான். 2003இல் ‘சாமி’ படத்தில் ஒரு பாட்டு அதையும் சொல்லித் தீர்த்துவிட்டது.

அத்தான் வந்தது நாலு மணிக்கு. திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் பாபநாசத்துக்கும் இடையே தனியார் பஸ்ஸில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவர். அவர் தர்க்கமெல்லாம் பண்ணவில்லை. “லாலாலா” என்றார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

எஸ்.ஏ. ராஜ்குமார். ‘சூர்யவம்சம்’, 1997. பஸ்ஸில் மூன்று கேசட்தான் இருந்ததாம், அதில் இரண்டில் சூர்யவம்சம். ஒரு நாளைக்கு ஆறு நடை. நடைக்கு ஒரு தடவையாவது ரோசாப்பூ பூக்கும். பேட்டையில் தொடங்கினால் சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில் கேசட் திரும்பும், கல்லிடைக்குறிச்சி வரும்போது மறுபடியும் கோரஸ் லாலாலா பாடும். ராத்திரி வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் சில்லறை எண்ணுகிற சத்தமும் லாலாலாவும் கேட்கும். “ஒரு பாட்டு நல்லதா கெட்டதான்னு நூறு தடவை கேட்ட பொறவு யாருக்குவே தெரியும்? ரத்தத்துல கலந்துரும். சர்க்கரை மாரி.” அத்தானுக்குச் சர்க்கரை இருக்கிறது. அனுபவித்துச் சொன்னார்.

அவர் பஸ்ஸில் இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது. இடது பக்க ஸ்பீக்கர் வயர் அறுந்து அதை யாரும் சரிபண்ணவில்லை. ஸ்டீரியோ பாட்டில் இடது பக்கம் வைத்த வாத்தியங்கள் எல்லாம் அம்பாசமுத்திரம் போகிற வழி நெடுக யாருக்கும் கேட்காமல் போயிருக்கின்றன. ஒரு வருஷம் அந்த பஸ்ஸில் காலேஜுக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு பாட்டில் வயலின் உண்டு என்பதே தெரிந்திருக்காது. கேட்டுவிட்டு மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். தன் குழாய்க்குத் துணை கிடைத்த சந்தோஷம்.

சரி, என் கட்சி. எனக்கு மோசமான பாட்டு 1998இல் வந்த ‘கொத்தால்சாவடி லேடி’. ‘கண்ணெதிரே தோன்றினாள்’ படம், தேவா இசை. காரணம் ஒரு கேசட்.

அப்போது ஜங்ஷனில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட்டாகக் கிடைக்கும். அது சட்டப்படி திருட்டு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. ‘அறுபது’ வாங்கினால் பக்கத்துக்கு 30 நிமிஷம், ஆறு பாட்டு. ‘ரோஜா’, ‘மின்சார கனவு’, ‘ஜீன்ஸ்’ என்று படத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி, வரிசையை நாலு தடவை மாற்றி எழுதி, ஒரு கவிதைத் தொகுப்பு போடுகிற பொறுப்போடு கொடுத்திருந்தேன். ஆறு பாட்டும் போக ஏ பக்கத்தில் மூன்று நிமிஷம் மிஞ்சியிருக்கிறது. இடத்தை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் கடைக்காரர் அவராக ஒரு பாட்டை வைத்து நிரப்பிவிட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு, இருட்டில், கண்ணை மூடி, ‘ஜீன்ஸ்’ பாட்டு அடங்கி வருகிற நேரத்தில் கொத்தால்சாவடி லேடி வந்து நின்றாள். பாதியில், ஒரு சொல்லின் நடுவில், டக் என்று நாடா தீர்ந்தது. மூன்று வருஷம் அந்தக் கேசட் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் அதே இடத்தில் அதே டக்.

கொத்தவால்சாவடி எங்கே இருக்கிறது என்றுகூட அன்று எனக்குத் தெரியாது. அது சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த காய்கறி மொத்தச் சந்தை என்பதும், பாட்டு வருவதற்கு முன்பே, 1996இல், வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது என்பதும் வேலைக்காகச் சென்னைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கானா என்பது வடசென்னையில் சாவு வீட்டுக்கு முன்னால் விடிய விடியப் பாடுகிற பாட்டின் வம்சம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் சாவுக்கு ஒப்பாரி இருக்கிறது, கொடைக்கு வில்லு இருக்கிறது, கணியான் கூத்து இருக்கிறது. கானா எங்கே உட்காரும் என்று தெரியாமல் கேசட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

தேவாவை நான் மொத்தமாகத் தள்ளுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாதல்லவா? அதனால் ஒரு நல்ல பாட்டை எடுத்து வைத்தேன். ‘ஆசை’, 1995. ‘கொஞ்ச நாள் பொறு தலைவா’. ஹரிஹரன் குரல், வாலி வரி. மாமாவே ஒத்துக்கொண்டார், குழாயிலும் நிற்கிற பாட்டு என்று. சித்தப்பா தலையாட்டினார். முதல் தடவையாக நாலு பேரும் ஒரு பக்கம் நின்றோம்.

அப்போதுதான் அக்கா பேசினாள். பெரியப்பா மகள். அதுவரை நடையில் உட்கார்ந்து சாமக்கொடைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் அவளைக் கேட்கவில்லை.

“அந்தப் பாட்டுதான் எனக்கு ஆகாது” என்றாள்.

வீரவநல்லூரில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த வருஷமாம். பஸ் ஸ்டாப்பிலிருந்து வகுப்பு வரைக்கும் எட்டு நிமிஷ நடை. சைக்கிளில் மூன்று பையன்கள், தினமும், பின்னாலேயே. கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. இந்தப் பாட்டை மட்டும் பாடினார்கள். படத்தில் நாயகன், ஒருத்தி வருவாள், பொறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பாட்டு. அங்கே அது அவள் முதுகைப் பார்த்துப் பாடப்பட்டது. அவள் சீக்கிரம் நடந்தால் தாளமும் சீக்கிரமாகும், நின்றால் நிற்கும். யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்ல? சினிமாப் பாட்டுப் பாடினார்கள் என்றா? வீட்டில் சொன்னால் வகுப்பு நின்றுவிடும். லோயர் முடித்தவள் ஹையருக்குப் போகவில்லை. கை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். எல்லாரும் நம்பியிருக்கிறோம்.

“முக்காலான்னு கத்துனவன எல்லாரும் திரும்பிப் பாத்து ஏசுவாங்க. இந்தப் பாட்டப் பாடுனா, நல்லாப் பாடுதாம்லன்னு கேட்டுட்டு நிப்பாங்க” என்றாள். பூவில் நார் இறுக்கினாள்.

மாமா குரல் மாறி, “எந்தப் பயலுவ?” என்றார்.

“ஒருத்தன் நாளைக்கு மொய் எழுத வருவான். விடுங்க மாமா.”

நான் அந்த மாதிரி யார் பின்னாலும் பாடினதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பாளையங்கோட்டையில் விடுதி வாசலில் நாங்கள் எட்டுப் பத்துப் பேர் சாயங்காலம் நிற்போம். என்ன பாடினோம், யார் கடந்து போனார்கள் என்று நினைத்துப் பார்த்தபோது சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிட்டது. பாட்டு மட்டும் ஞாபகம் இருக்கிறது, முகம் ஒன்றுகூட ஞாபகமில்லை. அத்தான் எழுந்து டீ சொல்லப் போனார். பஞ்சாயத்து அதோடு கலைந்தது.

சாமக்கொடைக்கு மேளம் மட்டும்தான். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெட்டி பேசக் கூடாது, 2000-ஆம் ஆண்டிலிருந்து விதி அப்படி. மாமா பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே சுவிட்சை அணைத்துவிடுவார். அதற்கப்புறம் நையாண்டி மேளத்து நாதஸ்வரம் தனியாக ஒலித்தது. காருகுறிச்சி எங்களுக்குப் பக்கம். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகி குரலோடு அந்த ஊர் நாதஸ்வர வித்வான் அருணாசலம் வாசித்த ‘சிங்காரவேலனே தேவா’வை நையாண்டிக்காரர்களிடம் கேட்டு வாங்குவது இங்கே வழக்கம். அன்றும் யாரோ கேட்டார்கள். மைக் இல்லை, குழாய் இல்லை, பெட்டி இல்லை. வாசித்தவர் இரண்டு இடத்தில் தடுமாறினார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடிந்ததும் மாமா பந்தலில் வயரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்தேன். கொத்தால்சாவடி லேடியை முழுசாக நான் கேட்டதே இல்லை என்பது ராத்திரிதான் நினைவுக்கு வந்திருந்தது. நாடா தீர்ந்த இடம் வந்தது. உடம்பு அந்த டக்குக்குத் தயாராகிவிட்டது. வரவில்லை. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி வரை கேட்டேன்.

“எப்படி இருக்கு?” என்றார் மாமா.

“மிச்சப் பாதியும் மோசம்தான் மாமா.”

“சரி, எறங்கு. அந்த நுனியப் பிடி, சுத்தணும்.”